தனிக்குரல் சீட்டு

இயேசு மரி சூசை துணை

பழவேற்காடு
13-9-1984, வியாழன்

அன்பு மகள் சலேத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஜெசிந்தாவும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். முறைப்படி நீயும் சுகம் என்று பதில் போட்டுவிடுவாய். ஒன்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் முறை தவறாமல் சுகமாகத்தான் இருக்கிறோம். நைனாவுக்கு இடது முழங்கால் வீங்கி இறங்கவே மாட்டேன் என்கிறது, ஏரித் தண்ணீரில் இடுப்பளவு நின்று நின்று வந்த வினை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வேப்பெண்ணெய் போதும் என்கிறார், பெற்ற மகள் நர்ஸ் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிட்டோம். டவுனில் உன்னோடு படித்த பரக்கத் பீவியைப் பார்த்தேன், உன்னைத்தான் முதலில் கேட்டாள், சலேத்து அங்கேயும் பாடுகிறாளா என்றாள், ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. எப்போதும் போல நாலு வரி சமாசாரம், ரூர்கேலாவில் வெயில், ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை, மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டது. கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, அதை மூன்று தடவை படித்தேன், அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்து நைனா வந்து இறக்கினார். ஜெசிந்தா எந்நேரமும் பாடிக்கொண்டே இருக்கிறாள், பக்கத்து வீட்டு ஒரியாக்கார அம்மா கூட்டி வைத்துப் பாடச் சொல்லிக் கேட்கிறார், நான்தான் அதட்டி நிறுத்திவிட்டேன், நம் குடும்பத்துக்குச் சாமி பாட்டைக் கொடுக்கவில்லை, கொடுக்காததற்கு ஆசைப்பட்டு அவளும் ஏன் என்னைப் போல ஏங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நாலு வயசுக் குழந்தையின் வாயை மூடியிருக்கிறாய். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பது எடுத்த பிறகுதான் உறைத்தது. அது ஏன் என்று சொல்லப் போகிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் எனக்குச் சொல்ல வராது. பொறுமையாகப் படி, கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே.

நம் கோவிலுக்குப் புதுச் சாமியார் வந்திருப்பதை எழுதியிருந்தேன். அவருக்கு ஒரு வைராக்கியம், குப்பத்துக் குப்பம் பாடற்குழு இருக்க வேண்டும், இருக்கிற குழுவெல்லாம் திருந்திப் பாட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஓர் இடத்தில் கூடிப் போட்டி நடத்த வேண்டும். கடற்கரையில் கூவுகிற மாதிரி கோவிலில் கூவுகிறீர்கள் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். நான் இருபத்தேழு வருஷமாகக் கட்டிக் காத்த குழுவைப் பற்றி, நான் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். சரி, சாமியார் ஆயிற்றே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் மெட்ராஸிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தார். தானியேல் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் ஏறும்போதே பாதி விழுந்தவன். வாரத்தில் இரண்டு நாள் வருவான். வந்தவுடன் எங்கள் எல்லாரையும் உயரப்படி நிற்க வைத்து, வாயை முட்டை அளவுக்குத் திறக்கச் சொன்னான். பவுனம்மாள் கேட்டாள், இன்னா மாஸ்டரே, கோழி முட்டையா வாத்து முட்டையான்னு. சிரித்துச் சிரித்து அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை. இறால் சீசனில் பெண்களில் பாதிப் பேர் கூடையோடு டவுனுக்குப் போய்விடுவார்கள், ஆண்கள் வலை கட்டும் முறை வந்த நாளில் ஏரியை விட்டு ஏற மாட்டார்கள், ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கு மீன் கையோடு வந்து நிற்போம். அவன் முகம் சுளிக்கவில்லை, ஒரு கைக்குட்டையை மட்டும் மூக்கருகே வைத்துக்கொள்வான்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். எதிர்க்காற்றில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எங்களுக்கு, அதை அடக்கச் சொன்னால் யாருக்குக் கோபம் வராது. ஆனால் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மேலே பாட விட்டு, எங்கள் பாதியைக் கீழே வேறு விதமாகப் பாட வைத்தான். அதுவரைக்கும் தனித்தனியாகத்தான் சொல்லிக் கொடுத்தான், எங்கள் பாதி ஒப்பாரி மாதிரி இருக்கிறது என்று நானே முணுமுணுத்தேன். இரண்டும் சேர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது சலேத்து. அதே பாட்டு, நம் கோவில் உபதேசியாரின் தாத்தா கட்டின நம் அந்தோணியார் பாட்டு, நான் ஆயிரம் தடவை பாடினது, அதற்குள் இப்படி ஒரு பாட்டு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே. டவுன் ஜலீல் பாய் நம் ஆர்மோனியத்துக்குத் தோல் ஒட்டிக் கொடுக்க வந்திருந்தார், வேலையை நிறுத்திவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து முடிகிற வரைக்கும் கேட்டார். அன்று எனக்கு உன் ஞாபகம் வந்தது. மேலே பாடுகிற பாதியில் நீ நின்றிருக்க வேண்டும்.

இனி சீட்டு விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், தெரிந்ததையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பதினெட்டு வருஷம் அந்த அந்தோணியார் திருநாள் பாட்டின் முதல் வரியைத் தனிக்குரலில் நான்தான் எடுத்தேன். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள், சுருதி தெரிந்தவள், வேறு ஆளும் இல்லை. தேரின் பின்னால் அந்த வரியை எடுக்கிறவளுக்கு அந்த வருஷம் முழுக்கக் குப்பத்தில் ஒரு மரியாதை உண்டு. எழுபத்தைந்தில் பொம்பளைகள் சண்டை பிடித்தார்கள், எப்பப் பாத்தாலும் ராஜாத்தியேவா, எங்களுக்கெல்லாம் தொண்டை இல்லியான்னு. ஊர் கூடிப் பேசி, ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுத்தானே எடுக்கிறோம், அதில் சண்டை வருகிறதா, வரியையும் அப்படியே எடுப்போம், சாமி யாருக்குக் கொடுக்கிறாரோ அவள் பாடட்டும் என்று முடிவு செய்தார்கள். மூத்த பெண்களில் பேர் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதனால் சீட்டு எழுதுவது நான், சட்டியைக் குலுக்குவதும் நான், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது உபதேசியார். முதல் சீட்டு எனக்கே விழுந்தது. அதற்குப் பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் யார் யாருக்கோ விழுந்தது, நல்ல தொண்டைக்கும் விழுந்தது, தகர டப்பாவுக்கும் விழுந்தது, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வருஷம் ஜூன் மாதம் பவுனம்மாளுக்கு விழுந்தது.

பவுனம்மாள் நல்லவள். வாய் நீளமே தவிர, மனசில் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷம் ஏலத்தில் கத்தி இறால் விற்ற தொண்டை, மேலே போனால் கிழியும், கீழே வந்தால் கரகரக்கும். ஆனால் அவள் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் உனக்கும் இரக்கம் வந்திருக்கும். மூன்று மாசம் புளிப்பு தொடவில்லை, மிளகும் கற்கண்டுமாக மென்றாள், கருவாடு காய வைக்கிற இடத்தில் தனியாக நின்று அந்த வரியையே சொல்லிக்கொண்டிருந்தாள், சாமி கொடுத்ததைக் கெடுத்துடக் கூடாதே அக்கான்னு என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, போட்டிக்கு மட்டும் வேறு யாராவது எடுக்கக் கூடாதா என்று எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டான். உன் நைனாதான் சொன்னார், மாஸ்டரே, இன்னொருத்தன் முறைல நான் வலை போட்டா ஊர்ல என் வலைய ஒரு வருஷம் கரைலயே போட வச்சிருவாங்க, அத்தொட்டு நீ கேக்கறது நடக்காது. பிறகு அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, நீங்க பாடுங்க, நீங்க சொன்னா அவங்களே விட்டுக் கொடுப்பாங்க என்றான். நான் நிமிர்ந்து நின்று, தம்பி, சீட்டு சாமியோட வாக்கு, அதுல மனுஷர் கை வைக்கக் கூடாது என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று கேள், பின்னால் சொல்கிறேன்.

போன ஞாயிறு, மாதா பிறந்தநாளுக்கு மறுநாள், பொன்னேரியைத் தாண்டி ஒரு பெரிய கோவில் வளாகத்தில் போட்டி. பன்னிரண்டு குழு. ஒரே மாதிரி நீலக்கரைப் புடவை, தலைக்கு எண்ணெய், ஆண்கள் எல்லாரும் சலவை வேட்டி, பதினோரு பெண்ணும் ஆறு ஆணும், ஆர்மோனியத்தோடு உபதேசியாரும் படகில் வந்து பஸ் பிடித்துப் போனோம். எங்களுக்கு ஏழாவது இடம். மேடையில் ஏறினோம், மாஸ்டர் ஓரத்தில் நின்றான், உபதேசியார் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார், பவுனம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். பயத்தில் ஒரு கட்டை மேலே எடுத்துவிட்டாள். மூன்றாவது வார்த்தையில் குரல் நின்றுபோயிற்று. மறுபடி எடுத்தாள், காற்றுதான் வந்தது. மூன்றாம் தடவை வாயை மட்டும் அசைத்தாள். ஆர்மோனியம் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் பதினாறு பேர் பின்னால் நின்றோம், ஒவ்வொருத்தருக்கும் அந்த வரி தலைகீழாகத் தெரியும், ஒருத்தரும் எடுக்கவில்லை. அவளுடைய வரி ஆயிற்றே, அவளுக்குச் சாமி கொடுத்தது ஆயிற்றே. மாஸ்டர் ஓரத்திலிருந்து யாராவது பாடுங்கள், யாராவது என்று இரண்டு கையாலும் காட்டுகிறான். முன் வரிசையில் ஒரு சிஸ்டர் எனக்கே ஜாடை காட்டுகிறாள். மற்ற குழுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கே என்னவோ மாதிரி ஆகி அடங்கிவிட்டார்கள். அந்த வரி என் பல் வரைக்கும் வந்தது. நான் எடுத்திருந்தால் மூன்று மாசமாகப் பழகிய மேல்பாதியும் கீழ்பாதியும் பின்னாலேயே வந்திருக்கும், அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். எடுக்கவில்லை. கல்லாக நின்றேன். மணி அடித்து, நன்றி, அடுத்த குழு வரலாம் என்றார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தான். பதினாறு பேருக்குத் தெரியும், ஒருத்தர் எடுத்திருந்தா போதும், என்ன ஊரும்மா உங்க ஊர் என்றான். கண் கலங்கியிருந்தது. பொன்னேரியில் இறங்கிக்கொண்டான். சாமியார் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார், அடுத்த திருநாளுக்கு டவுன் கோவில் பாடற்குழு வந்து பாடும், நீங்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இருபத்தேழு வருஷத்துக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார், பெரிய மனசு. அது கூட எனக்கு வலிக்கவில்லை. வலித்தது படகில். பவுனம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள், ஒருத்தரும் அவளைக் குறை சொல்லவில்லை, ஆளுக்கு ஆள் அவளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். உன் நைனா துடுப்பை நிறுத்திவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொல்கிறார், தோத்தா தோத்துட்டுப் போறோம், இன்னா இப்போ, அடுத்தவ முறைல வாய் வச்சோம்னு பேர் வாங்கல, நம்ம குழுல திருடங்க ஒருத்தரும் இல்ல. அதோடு விட்டாரா. என்னைக் காட்டி, பதினெட்டு வருஷமா அந்த வரி இவ நெஞ்சுல கீது, இவளே வாய மூடிக்கினு நின்னா பாருங்க, அதான் ராஜாத்தின்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பவுனம்மாள் அழுகையோடு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் படகிலிருந்து ஏரியில் குதித்திருக்கலாம், இடுப்பளவுத் தண்ணீர்தான், சாகவும் முடியாது.

சலேத்து, எழுபத்தைந்தில் சட்டியில் உன் சீட்டு இல்லை.

பதினோரு பேர் எழுதினேன். பத்துதான் போட்டேன். உன் பேர் எழுதிய சீட்டு என் இடது உள்ளங்கையில் இருந்தது. ஊர் என்ன சொல்லும், சீட்டு எழுதுகிறவள் மகளுக்கே விழுந்தால் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே, முதல் வருஷமே முறை கெட்டுப் போகுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் மடக்கினேன். நல்ல காரணம். ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். இன்னொரு காரணம் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியில் விளையாட்டாக நீ அந்த வரியை எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா, பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் நைனா கோவிலுக்கு வெளியே வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ராஜாத்தி, இத்தினி நாள் நீ பாடினது ஒத்திகை, பாட்டுன்னா இன்னிக்குத்தான் பாட்டுன்னார். கேலிக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயசு, உனக்குப் பத்தொன்பது. இந்தக் குப்பத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான், அதையும் நீ ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று பெற்ற மகள் மேல் பொறாமைப்பட்டேன். பொறாமை என்றுதான் எழுதுகிறேன், அதற்கு வேறு பேர் கிடையாது.

உபதேசியார் எடுத்துப் பிரித்தால் என் பேர். சாமி அப்படி விளையாடினார், அல்லது என்னைத் தண்டிக்கச் செய்தார். எனக்கு விழுந்திருக்காமல் வேறு யாருக்காவது விழுந்திருந்தால் இவ்வளவு கனத்திருக்காது. ஊரெல்லாம் பாத்தியா, சாமிக்கே தெரிஞ்சிருக்குதுன்னு சொன்னது. நீ ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாய், யாருக்குக் குடுக்கணும்னு சாமிக்குத் தெரியும்மான்னு சொன்னாய். அப்போதும் என் இடது கையில் உன் பேர் இருந்தது. அந்த மாதமே நர்ஸ் படிப்புக்கு மனு போட்டாய், அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை, உன் கல்யாணப் பூசையில் கூட நீ உதடு அசைத்தாயே தவிரப் பாடவில்லை. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு சீட்டுக்கு அவ்வளவு சுலபமாக அடங்கிப் போனாயே, எம்மா, எனக்கும் ஆசைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு நாள் என்னோடு சண்டை போட்டிருந்தால், நான் உடைந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. இதுவும் பழியை உன் மேல் போடுகிற புத்திதான். எழுதினதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும், உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பேன் என்று நினைக்காதே. கோபப்பட்டது, பொய் சொன்னது, ஞாயிறு பூசை தவறினது எல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவும் கை வரவில்லை. நம் வீட்டு அந்தோணியார் சுரூபத்தின் அடியில் பொள்ளல் இருக்கிறதே, அதற்குள் வைத்துத் துணியால் அடைத்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதராம். ஒன்பது வருஷம் தன் காலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாரா. இந்த வருஷம் பவுனம்மாள் சீட்டை எழுதும்போதும் கை ஒரு நிமிஷம் நின்றது, போட்டி இருக்கிறதே, இவளுக்கு விழுந்தால் மானம் போகுமே என்று. மடக்கவில்லை, போட்டேன். நேர்மையாக இருந்த வருஷம் குழு போயிற்று. திருடின வருஷம் மகள் போனாள். என் கணக்கு இவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். அடுத்தவன் முறையில் வலை போட்டவனுக்கு என்ன தண்டனையோ அது எனக்கும். சட்டி, சீட்டு, குழு எல்லாவற்றிலிருந்தும் என்னைத் தள்ளி வைப்பார்கள், தள்ளி வைக்கட்டும். பவுனம்மாள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதற்கு வருத்தப்படுவாள். உன் நைனாவுக்கு இன்னும் தெரியாது. இதோ எதிரில்தான் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வலைக் கிழிசலைப் பொத்துகிறார். இன்னா இத்தினி பக்கம் எழுதற, பேனா தேஞ்சிடப் போவுதுன்னு இரண்டு தடவை கேட்டுவிட்டார். மகளுக்குத்தான் என்றேன். நான் ரொம்பக் கேட்டேன்னு எழுது, லீவு வாங்கிக்கினு திருநாளைக்கு வரச் சொல்லுன்னார். எழுதிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாதது இன்றைக்கு எனக்கு உபகாரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஊரிடம் சொல்வதை விட எனக்கு அதுதான் பயம்.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னித்தேன் என்று முறைக்கு ஒரு வரி எழுதிவிடாதே, முறைக் கடிதம் போதும் நமக்கு. திட்டி எழுது, இல்லை எழுதாமல் இரு. ஆனால் ஒன்று மட்டும் நிஜம், சாமி உனக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை என்று அவர் மேல் பழி போடாதே. அவர் கொடுத்தார், அவர் கையிலிருந்து உன் கைக்கு வருவதற்குள் நடுவில் நான் நின்றேன். குழந்தைக்கும் அதே பொய்யைச் சொல்லி வளர்க்காதே.

இந்த உறைக்குள் அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன். சுருட்டினது சுருட்டினபடியே இருக்கிறது, நான் பிரித்ததில்லை. மை மங்கியிருந்தாலும் உன் பேர்தான் அது. ஆஸ்பத்திரி வேலையில் வேளைக்குச் சாப்பிடு, அங்கே இரும்புத் தூசி பறக்கும் என்கிறார்கள், குழந்தைக்கு மூக்கை மூடித் துணி கட்டி அனுப்பு, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அந்தோணியார் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், என்னைக் காப்பாற்றாவிட்டாலும் பரவாயில்லை. மறக்காமல் ஒன்று செய், சீட்டை நீ பிரிக்கிறபோது ஜெசிந்தா பக்கத்தில் இருக்கட்டும். பிரித்து அவளுக்கு வாசித்துக் காட்டு. அதற்குப் பிறகு அவள் என்ன பாடினாலும் நடுவில் நிறுத்தாதே, முடிகிற வரைக்கும் கேள்.

இப்படிக்கு,
உன் முறையை எடுத்துப் பாடிய அம்மா
ராஜாத்தி